பத்தரை மில்லிமீட்டர்

(முன்னாள் மாணவன், டி.எம்.இ.)



"அண்ணே, மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க. கவிதை மட்டும் வேண்டாம், ஏற்கெனவே நாற்பது வந்திருக்கு" என்றார் பேரவைச் செயலாளர் தம்பி. நல்ல வேளை. எனக்குக் கவிதை வராது. லேத்தும் வெர்னியரும்தான் தெரியும். எனவே ஒரு துளையைப் பற்றி எழுதுகிறேன். 1851-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்துக்காரர்கள் ஒரு துப்பாக்கிக் குழலில் போட்ட துளை. அதைச் சொல்வதற்கு முன்னால், கோயம்புத்தூரில் நான் போட்ட இருநூறு துளைகளின் கதையையும் சொல்லியாக வேண்டும். அது கொஞ்சம் வெட்கக்கேடான கதை. இருந்தாலும் நம் பையன்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

டிப்ளமோ முடித்த கையோடு ஒரு சின்ன ஜாப்-ஒர்க் பட்டறையில் சேர்ந்தேன். மூன்றாவது மாதம் பித்தளை புஷ் ஆர்டர் ஒன்று வந்தது. இருநூறு பீஸ். வெளிப்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. எமரி பேப்பர் வைத்துத் தேய் தேய் என்று தேய்த்தேன். துளைக்கு ரீமர் ஓட்டி, பிளக் கேஜ் போட்டுப் பார்க்க வேண்டும். 'கோ' முனை உள்ளே போக வேண்டும், 'நோ-கோ' முனை போகக் கூடாது. முதல் வருஷப் பாடம்!

நாற்பதாவது பீஸ் வாக்கில் நோ-கோ முனையும் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. டெயில்ஸ்டாக் சென்டர் விலகியிருந்திருக்கிறது. மெஷினை நிறுத்திச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. 'கொஞ்சம்தானே, யார் பார்க்கப் போறாங்க' என்று கேஜைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு ஓட்டினேன். அடுத்த ஷிஃப்டில் அதே மெஷினில் நின்றவர் எனக்கு வேலை பழக்கிய டர்னர் அண்ணன். மிச்சத்தை அவர் முடித்தார். கார்டில் அவர் பெயர்தான் ஏறியது.

பத்தாம் நாள் லாட் திரும்பி வந்தது. முதலாளி அண்ணனைப் பிடித்து நடுப் பட்டறையில் வைத்துத் திட்டினார். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. நானும் ஒன்றும் பேசவில்லை. மூன்று நாள் கழித்து அவர் வேலைக்கு வரவில்லை. பிறகு வரவே இல்லை.

* * *

நாலு வருஷம் கழித்து, வேறு கம்பெனியில் இருந்தபோது, புது கிரைண்டிங் மெஷின் பழக என்னை மூன்று மாதம் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பினார்கள். ஊர் ஷாஃப்ஹௌசன். ரைன் நதி அருவியாக விழுகிற இடத்துக்குப் பக்கம். தங்கியது ஒரு பெரியவர் வீட்டு மாடி அறையில். ரிட்டயரான டூல்மேக்கர். எனக்கு ஜெர்மன் அரைகுறை, அவருக்கு இங்கிலீஷ் அரைகுறை. இரண்டு அரைகுறையும் சேர்ந்து ஒரு முழுசாகப் பேசிக்கொண்டோம்.

அவர் வீட்டுக் கூடத்தில் அலமாரிக்கு மேலே ஒரு பழைய துப்பாக்கி தொங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, இறக்கி மேசைமேல் வைத்தார்.

"எங்க தாத்தாவோட அப்பா வச்சிருந்தது. 1851 மாடல் ஃபெல்ட்ஷ்டுட்சர்."

'ஃபெல்ட்' என்றால் களம், 'ஷ்டுட்சர்' என்றால் குட்டையான ரைபிள். முதலில் அவர் செய்த காரியம் எனக்குப் பிடித்திருந்தது. குழலுக்குள் கம்பியை விட்டு, வாய்க்கு நேராக விரலால் பிடித்து, அதே கம்பியை வெளியே குழலோடு சேர்த்து வைத்துக் காட்டினார். கம்பி கடைசி வரைக்கும் போகிறது, உள்ளே மருந்தும் குண்டும் இல்லை என்று அர்த்தம். அளந்து பார்த்த பிறகுதான் என் கையில் கொடுத்தார். நாலரைக் கிலோ இருக்கும். வால்நட் மரக் கட்டை, தோளில் பதிய வளைந்த இரும்புத் தகடு, பின்சைட்டில் தப்படிக் கணக்கில் எண்கள். விசை இரண்டு. ஒன்றை அமுக்கித் தயார் செய்துவிட்டால் மற்றது தொட்டாலே விழும். குறி வைக்கிறவன் கை ஆடக் கூடாது என்பதற்காக.

இது 'பெர்குஷன்' வகை. தீபாவளிக்குச் சின்னப் பிள்ளைகள் கேப் துப்பாக்கி வெடிப்பார்களே, கிட்டத்தட்ட அதே தத்துவம். குழலின் அடியில் துளையுள்ள சின்ன முளை ஒன்று இருக்கிறது. அதன் தலையில் செம்புத் தொப்பி ஒன்றை மாட்ட வேண்டும். தொப்பிக்குள் பாதரச ஃபுல்மினேட் பூசியிருக்கும். சுத்தியல் அதன்மேல் விழுந்ததும் பொறி பறந்து, முளையின் துளை வழியாகக் குழலுக்குள் போய்க் கருமருந்தைப் பற்றவைக்கும். அதற்கு முந்திய துப்பாக்கிகளில் சிக்கிமுக்கிக் கல் பொறி. மழை பெய்தால் போச்சு! இந்தத் தொப்பி வந்த பிறகு அந்தக் கவலை பெருமளவு குறைந்தது.

மருந்தும் குண்டும் வாய் வழியாகத்தான் போடணும். முதலில் மருந்தைக் கொட்டி, எண்ணெய் தடவிய துணியில் சுற்றிய ஈயக் குண்டை வைத்து, கம்பியால் இடித்து இறக்க வேண்டும். இந்த இடத்தில்தான் நம்ம ஆட்களுக்குப் பிடித்த சமாசாரம் ஒன்று உண்டு. அந்தக் கம்பியின் மேல்முனையில் தட்டு மாதிரி ஒரு ஸ்டாப்பர் இருக்கிறது. குண்டு சரியான ஆழத்துக்குப் போனதும் தட்டு குழலின் வாயில் முட்டி நின்றுவிடும். அதற்குமேல் எவ்வளவு பலசாலி இடித்தாலும் இறங்காது. மருந்து நசுங்காது. பயில்வான் இடித்தாலும் நோஞ்சான் இடித்தாலும் குண்டு நிற்கும் இடம் ஒன்றே. நாம் டிரில்லிங் மெஷினில் டெப்த் ஸ்டாப் வைக்கிறோமே, அதுதான்!

"துளையை அளந்து பாருங்க" என்றார் பெரியவர். என் பையில் வெர்னியர் இல்லாமலா? உள்தாடையை வைத்துப் பார்த்தேன். ஏறக்குறைய பத்தரை மில்லிமீட்டர். புத்தகங்களில் 10.4 என்றும் போட்டிருக்கும், 10.5 என்றும் போட்டிருக்கும்.

"இதில் என்ன விசேஷம்?" என்று கேட்டேன்.

அன்று ராத்திரி சாப்பாடு ஆறிப்போகும் வரைக்கும் அவர் சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

* * *

நம் சரித்திரப் புத்தகத்தில் 1857 பாடத்தில் என்ஃபீல்டு துப்பாக்கி வருமே, ஞாபகம் இருக்கிறதா? கொழுப்புத் தடவிய தோட்டா விவகாரம். அந்த 1853 மாடல் என்ஃபீல்டின் துளை 14.66 மி.மீ. பிரெஞ்சுக்காரர்களின் மினியே ரைபிளோ 18 மி.மீ. அளவில். பெரிய துளை, பெரிய குண்டு, பெரிய அடி என்பதுதான் அன்றைய ராணுவங்களின் கணக்கு. சின்னத் துளையில் கருமருந்துக் கரி சீக்கிரம் அடைக்குமே என்ற பயமும் நியாயமானதுதான். அந்தக் காலத்தில், என்ஃபீல்டுக்கு இரண்டு வருஷம் முன்னாலேயே, சுவிஸ்காரர்கள் பத்தரை மில்லிமீட்டருக்கு இறங்கினார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். விட்டத்தின் வர்க்கம்தானே பரப்பு? 14.66-க்கும் 10.5-க்கும் பரப்பில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம். என்ஃபீல்டு குண்டு 34 கிராம் அளவு. சுவிஸ் குண்டு அதில் ஏறத்தாழ பாதி எடை. மருந்தோ பெரிதாகக் குறையவில்லை, சுமார் 4 கிராம். இலேசான குண்டு வேகமாகப் போகும். வேகமாகப் போகிற குண்டு நேராகப் போகும். கனத்த குண்டு மெதுவாக, வில் மாதிரி மேலே ஏறி இறங்கும். தூரத்தைக் கொஞ்சம் தப்பாகக் கணித்தால் தலைக்கு மேலே போய்விடும். நேராகப் போகிற குண்டில் அந்தத் தப்பு பாதி மன்னிக்கப்படும். மலை, பள்ளத்தாக்கு, ஏரி என்று தூரத்தைக் கண்ணால் கணிக்கவே முடியாத நாட்டில் இது எவ்வளவு பெரிய விஷயம்!

ஆனால் பெரியவர் பெருமைப்பட்டது துளை சின்னது என்பதற்காக மட்டும் இல்லை. அது எல்லாருக்கும் ஒரே துளை என்பதற்காக.

அப்போது சுவிட்சர்லாந்து 22 கான்டன்கள். நம்ம ஊர்க் கணக்கில் பார்த்தால் சில மாவட்டங்களே அதைவிடப் பெரியவை. ஒவ்வொரு கான்டனுக்கும் தனித்தனிப் படை, தனித்தனி ஆயுதம். நாணயமும் ஆளுக்கு ஒன்று. பாஷையே மூன்று நாலு! 1847 நவம்பரில் அவர்களுக்குள்ளேயே உள்நாட்டுச் சண்டை வந்தது. ஏழு கத்தோலிக்கக் கான்டன்கள் ஒரு பக்கம், மற்றவர்களில் பெரும்பாலோர் எதிர்ப் பக்கம். எதிர்ப் பக்கப் படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் டுஃபூர் யார் தெரியுமா? ஓர் எஞ்சினியர். சிவில் டிபார்ட்மென்ட் தோழர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். 1823-இல் ஜெனீவாவில் கம்பி வடத்தில் தொங்குபாலம் கட்டியவர், நாடு முழுவதுக்கும் 1:1,00,000 அளவில் சர்வே வரைபடம் போட்டவர், பிற்பாடு 1863-இல் செஞ்சிலுவைச் சங்கம் உருவானபோது அந்தக் கமிட்டிக்கு முதல் தலைவராக இருந்தவர். காயம்பட்ட எதிரியைக் காப்பாற்று என்று தன் படைக்கே உத்தரவு போட்ட மனிதர். ஒரு மாதத்துக்குள் சண்டை முடிந்தது. செத்தவர்கள் நூறு பேர் அளவில்தான்.

1848-இல் ஒன்றுபட்ட அரசியல் சட்டம். 1850-இல் ஒரே நாணயம். 1851 டிசம்பரில் எடை, அளவுச் சட்டம். அதே 1851-இல்தான் இந்த ரைபிள். கூட்டாட்சி நாட்டின் குறிசுடும் படைக்கு இதுதான் மாதிரி என்று மேலிடத்தில் முடிவானது. செய்தவர்களோ பல ஊர்த் துப்பாக்கிப் பட்டறைக்காரர்கள்.

அவர்களுடைய அளவும் வேடிக்கையானது. ஓர் அடி என்றால் சரியாக 30 செ.மீ. அதைப் பத்தாகப் பிரித்தால் ஓர் அங்குலம், மறுபடி பத்தாகப் பிரித்தால் 3 மி.மீ., இன்னொரு தடவை பிரித்தால் 0.3 மி.மீ. அந்தக் கடைசி அளவுக்கு 'ஷ்ட்ரிஹ்' என்று பெயர். கோடு என்று அர்த்தம். பத்தரை மில்லிமீட்டர் என்றால் 35 கோடு. ஒரு கோடு தப்பினால் குண்டு இறுகும், அல்லது ஆடும்.

"அப்படின்னா பார்ட்ஸ் எல்லாம் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடலாமா?" என்று கேட்டேன். பெரியவர் சிரித்துவிட்டார்.

"லாக், ஸ்க்ரூ, கட்டையெல்லாம் அவனவன் அரம் போட்டு ராவிப் பொருத்தினது. ஒரு பட்டறை வேலையிலே நகாசு இருக்கும், இன்னொண்ணிலே இருக்காது. அதுக்கெல்லாம் யாரும் கவலைப்படலே. துளை ஒண்ணா இருக்கணும். சூரிச்காரன் வார்த்த குண்டு பெர்ன்காரன் துப்பாக்கியிலே போகணும். அவ்வளவுதான்."

* * *

இந்தத் துளையின் அருமை பிறகுதான் தெரிந்தது. 1866 ஜூலை 3-ஆம் தேதி, கோனிக்கிரேட்ஸ் என்ற இடத்தில் பிரஷ்யப் படை ஆஸ்திரியப் படையை அடித்து நொறுக்கியது. பிரஷ்யர்கள் கையில் பின்பக்கமாகத் தோட்டா போடும் துப்பாக்கி. படுத்துக்கொண்டே மறுபடி மறுபடி நிரப்பலாம். ஆஸ்திரியர்கள் எழுந்து நின்று வாய் வழியாக இடித்துக்கொண்டிருந்தார்கள். வாய்வழித் துப்பாக்கியின் காலம் முடிந்தது என்று ஐரோப்பா முழுக்கப் புரிந்துவிட்டது.

சுவிட்சர்லாந்திலும் பரபரப்பு. புதுத் துப்பாக்கி செய்து முடிக்க வருஷக்கணக்காகும். அதுவரை? இருப்பதையே மாற்று என்றார்கள். மில்பேங்க் என்ற அமெரிக்கரின் ஐடியாவை எடுத்து, ஷாஃப்ஹௌசனில் ஒருவர் அதற்கு உருவம் கொடுத்தார். குழலின் பின்பாகத்தில் மேலே வெட்டி, முன்பக்கமாகத் திறக்கும் கீல் வைத்த மூடி. அதைத் திறந்து, செம்புத் தோட்டாவை வைத்து மூடினால் சரி. இடிகம்பி வேண்டாம், செம்புத் தொப்பியும் வேண்டாம். 1867-இல் இப்படித்தான் பழைய துப்பாக்கிகள் மாற்றப்பட்டன.

அந்த ஷாஃப்ஹௌசன்காரர் பெயர் யாக்கோப் ஆம்ஸ்லர். எங்கேயோ கேட்ட பெயர் மாதிரி இருக்கிறதா? நம் சர்வே லேபில், வெல்வெட் விரித்த பெட்டியில், இரண்டு கையும் ஒரு சின்னச் சக்கரமுமாக ஒரு கருவி கிடக்கும். வரைபடத்தின் ஓரத்தைச் சுற்றி முள்ளை ஓட்டினால் பரப்பைச் சொல்லும். பிளானிமீட்டர்! அந்தத் துருவ பிளானிமீட்டரை 1854-இல் கண்டுபிடித்த கணக்கு வாத்தியார்தான் இந்த ஆம்ஸ்லர். 1851-இல் ஷாஃப்ஹௌசன் பள்ளிக்கு வேலைக்கு வந்தவர், பிறகு தானே பட்டறை வைத்து அதைச் செய்து விற்றார். கணக்கும் அரமும் ஒரே கையில் இருந்த மனிதர். டிப்ளமோ, பி.இ. என்று நாம் அடித்துக்கொள்கிறோமே, அவர் எந்தப் பக்கம் என்று யாராவது சொல்லுங்கள்.

1851 ரைபிளும், அதே துளையோடு பின்னால் வந்த 1856, 1863 மாடல்களும் இந்த மாற்றத்துக்குப் பிறகு ஒரே தோட்டாவைச் சுட்டன. பழைய 18 மி.மீ. காலாட்படைத் துப்பாக்கிகளையும் மாற்றினார்கள். ஆனால் அதற்குத் தனித் தோட்டா செய்ய வேண்டியிருந்தது. பிறகு வந்த வெட்டர்லி ரிப்பீட்டர் ரைபிளுக்கும் அதே பத்தரை மில்லிமீட்டர் தோட்டாதான். 1889-இல் 7.5 மி.மீ. ரைபிள் வரும்வரை, முப்பத்தெட்டு வருஷம், மரம் மாறியது, லாக் மாறியது, மருந்து போடும் வழியே தலைகீழாக மாறியது. துளை மாறவில்லை.

பெரியவர் வீட்டுத் துப்பாக்கி மாற்றப்படாதது. முப்பாட்டனார் சொந்தமாக வைத்திருந்ததால் அப்படியே தங்கிவிட்டது. "இது ஆளைச் சுட்டிருக்கா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். 1847-க்குப் பிறகு அந்த நாடு எந்த யுத்தத்திலும் இறங்கவில்லை என்றார். இது சுட்டதெல்லாம் மைதானத்தில் நட்ட பலகையைத்தான். இந்த மாதிரிப் பழைய ரைபிள்களுக்கு இப்போதும் அங்கே போட்டி நடக்கிறது.

துப்பாக்கியைத் துடைத்து வைக்கும்போது அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். "கேஜ் தப்புன்னு சொல்லியும் நீங்க அனுப்பின பீஸ் எப்பவாவது உண்டா?"

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நாலு வருஷமாக யாரிடமும் சொல்லாததை, பாஷை தெரியாத ஊரில், அரைகுறை இங்கிலீஷில் சொல்லி முடித்தேன். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை.

"என்கிட்டே சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றார்.

* * *

ஊருக்கு வந்த இரண்டாவது வாரம் விசாரித்துக்கொண்டு போனேன். கணபதி பக்கம் ஒரு சந்தில், தகர ஷெட்டில், ஒற்றை லேத் போட்டு அண்ணன் தனியாகத் தொழில் செய்துகொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. "வா தம்பி" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். வாங்கிப் போன சாக்லேட் பெட்டியைக் கொடுக்கக் கை வரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு சொன்னார்:

"லாட் திரும்பி வந்தன்னிக்கே பீஸை எடுத்துப் பார்த்தனே. வெளிப்பக்கம் அப்படிப் பளபளன்னு இருந்துச்சு. நான் என்னைக்கு அப்படித் தேய்ச்சிருக்கேன்? உன் கைன்னு தெரியும்."

"அப்புறம் ஏனுங்கண்ணா சொல்லலை?"

"நீயே சொல்லுவீன்னு மூணு நாள் பார்த்தேன்."

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. டீ வாங்கிவரப் பையனை அனுப்பினார். டீ வரும்வரை நான் அவருடைய பெஞ்சில் இருந்த பீஸ்களுக்கு கேஜ் போட்டுக்கொண்டிருந்தேன். வெளிப்பக்கம் சுமார்தான், டூல் மார்க்கெல்லாம் தெரிந்தது. துளையில் 'கோ' போனது. 'நோ-கோ' ஒன்றில்கூடப் போகவில்லை. இருபத்திமூன்று பீஸ்.

தோழர்களே, ஒர்க்‌ஷாப்பில் மார்க்குக்காக வெளிப்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கும் பையன்கள் இப்போதும் இருப்பார்கள். நானும் அப்படிப்பட்ட ஒருவன்தான். தேயுங்கள், தப்பில்லை. ஆனால் டிராயிங்கை எடுத்ததும், மற்றவன் வேலையோடு பொருந்த வேண்டிய அளவு எது என்று முதலில் தேடுங்கள். அதில் நோ-கோ உள்ளே போனால், அந்த நிமிஷமே மெஷினை நிறுத்திச் சொல்லிவிடுங்கள். திட்டு விழும், சம்பளத்தில் பிடிப்பார்கள். பரவாயில்லை. மூன்று நாள் ஒருவரைக் காக்க வைக்காதீர்கள்.

வணக்கம்.